வாராந்திர கீமோ ஊசியை ராமநாதபுரத்திலேயே போடுங்கள்: மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர் அவர்களுக்கும் பாம்பனிலிருந்து வணக்கம்.

நான் விசைப்படகில் பங்குக்குக் கடல் போகிறவன். என் மனைவி கடலில் பாசி எடுக்கிறவள். அவளுக்கு மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும், நோயை எதிர்க்கிற பிளாஸ்மா அணுக்கள் கெட்டுப் பெருகி, எலும்பை அரித்து, சிறுநீரகத்தையும் கெடுக்கிற நோய் இது. இப்போது மதுரை மருத்துவமனையில் கீமோ நடக்கிறது. நான்கு முதல் ஆறு சுற்று முடிந்து நோய் நன்றாகக் குறைந்தால் ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணு) மாற்று சிகிச்சைக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மாற்று சிகிச்சை பெரிய ஊரில், அதற்கென்று தனி வார்டு உள்ள மருத்துவமனையில்தான் நடக்க முடியும். அதை இங்கே கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மாதங்கள் எங்கள் வீட்டில்தான் கழிகின்றன. வாரம் ஒரு ஊசி, அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை, எந்த ராத்திரியிலும் வரக்கூடிய காய்ச்சல். இந்த மூன்றையும் நம் மாவட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்காக மட்டும் இல்லை. மதுரை வார்டில் ஊசிக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவரை எந்த ஊர் என்று கேட்டால் தொண்டி என்பார், ஏர்வாடி என்பார். எல்லோரும் நம் கரைக்காரர்கள்.

இந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பது, மஜ்ஜை யார் கொடுக்கிறார்கள், முதுகைக் கிழிப்பார்களா என்றுதான். இவளுக்குச் செய்யப்போவதில் வேறு யாரும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, கத்தியும் இல்லை. கீமோவில் நோய் அடங்கியதும் சில நாள் தோலுக்கடியில் ஊசி போட்டு, மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்த ஓட்டத்துக்கு வரவைப்பார்கள். கையிலிருந்தோ கழுத்திலிருந்தோ ரத்தத்தை ஒரு இயந்திரம் வழியாக ஓடவிட்டு அந்த அணுக்களை மட்டும் பிரித்து உறையவைப்பார்கள். அப்புறம் மெல்ஃபலான் என்ற மருந்தை மிக அதிக அளவில் ஏற்றுவார்கள். மிச்சமிருக்கும் நோயோடு மஜ்ஜையும் காலியாகிவிடும். எடுத்து வைத்த அவளுடைய சொந்த அணுக்களை ரத்தம் ஏற்றுவது போலவே திரும்ப ஏற்றுவார்கள். அவை மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்து புது வெள்ளணுக்கள் வர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் 1986-லிருந்தே மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவருகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு.

ஆக, முன்னால் போடுகிற கீமோ சரியாக நடந்தால்தான் பின்னால் வருவதற்கு வழி. ஒரு வாரம் காய்ச்சலில் தள்ளிப்போனால், இன்னொரு வாரம் பஸ் கிடைக்காமல் தள்ளிப்போனால், அந்தச் சுற்று இழுத்துக்கொண்டே போகும்.

ஊசியின் பெயர் போர்டெசோமிப். வயிற்றுத் தோலுக்கடியில் போடுவது. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போட்டுக்கொள்வது போலத்தான், ஒரு நிமிடம் கூட ஆகாது. ட்ரிப் இல்லை, படுக்கை இல்லை. இந்த ஒரு நிமிடத்துக்காகப் பாம்பனிலிருந்து மதுரை வரை 160 கிலோமீட்டர் போகிறோம். விடிவதற்கு முன் பாலம் தாண்டும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போய் இறங்கி, ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வரும்வரை உட்கார்ந்து, மருத்துவர் பார்த்துச் சரி என்றால் ஊசி. வீடு திரும்ப இரவாகிவிடும். தட்டணுக்களோ வெள்ளணுக்களோ குறைவாக இருந்தால் ஊசியே போடாமல் அடுத்த வாரம் வரச்சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பி வருகிற நாளில் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

பயணம்தான் எனக்குப் பெரிய பயம். அவளுடைய முதுகெலும்பில் இரண்டு கண்ணிகள் ஏற்கெனவே அமுங்கியிருக்கின்றன. பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் நான் அவள் இடுப்புக்கு அடியில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்த ஆளை, இருமுகிற கூட்டத்துக்கு நடுவில் எட்டு மணி நேரம் உட்காரவைக்கிறோம். ரயில் கொஞ்சம் தேவலை. மருத்துவமனையில் படிவம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போகிற எத்தனையோ பேரை நான் பார்த்துவிட்டேன், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஆனால் ரயில் நேரமும் ஊசி நேரமும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. பழைய பாலம் 2022 டிசம்பரில் மூடியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. அந்தக் காலத்தில் கீமோ எடுத்தவர்கள் மண்டபம் வரை போய் ஏறினார்கள்.

நம் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் நம்முடையதும் ஒன்று. பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு 45 கிலோமீட்டருக்குள்தான். காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இந்த ஊசிக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. மருந்தைப் பாதுகாப்பாகக் கலக்கப் பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டர், அதற்கென ஒரு தனி அறை, கழிவை முறையாக அகற்ற ஓர் ஏற்பாடு, அன்றைக்கே ரிப்போர்ட் தருகிற ஒரு லேப். சிகிச்சையை நடத்துவது மதுரை மருத்துவராகவே இருக்கட்டும். ரிப்போர்ட்டை அவருக்கு அனுப்பி, வீடியோவில் ஒரு வார்த்தை கேட்டு, அவர் சரி என்றால் இங்கே ஊசி. சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் நேரில் போய் அவரைப் பார்த்து வருகிறோம்.

இது நடக்காத காரியம் என்று நான் நினைக்கவில்லை. டயாலிசிஸுக்கு ஒரு காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் மதுரைக்குத்தான் போனார்கள், இப்போது ராமநாதபுரத்திலேயே செய்துகொள்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையம் திறப்போம், முதல் ஆண்டில் 200 திறப்போம் என்று மத்திய அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. நம் மாவட்டத்து மையத்தில் மார்பகப் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் கிடைக்கிற இடம் ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்தது காய்ச்சல். மருத்துவர் எங்களிடம் முதல் நாளே சொன்னார்: வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கணும், 100.4 டிகிரி காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பாரசிட்டமால் கொடுத்து அமுக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் வருகிற காய்ச்சலுக்கு, போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் போக வேண்டும். தாமதித்தால் கிருமி ரத்தம் முழுக்கப் பரவி உயிரையே எடுத்துவிடும். கீமோவோடு இவளுக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலையே காட்டாமல் மறைக்கவும் செய்யும். அதனால் குளிர் நடுக்கம் வந்தாலும், திடீரென்று தளர்ந்து விழுந்தாலும் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இரண்டாவது சுற்றில் அப்படி ஒரு ராத்திரி வந்தது. 101 காட்டியது. கையிலே ஃபைலோடு அருகில் இருந்த ஓர் இடத்துக்குப் போனோம். அங்கே காய்ச்சல் மாத்திரை கொடுத்து, காலையில் மருத்துவர் வந்ததும் வரச்சொன்னார்கள். கீமோ நோயாளி என்றேன், ஃபைலைத் திறந்து காட்டினேன். அந்த சிஸ்டர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஆனால் இந்தக் காய்ச்சல் வேறு மாதிரி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் காரில் மதுரை போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. அவள் பிழைத்துக்கொண்டாள். அந்தச் சுற்று மட்டும் தள்ளிப்போனது. அந்த நாலு மணி நேரமும் பின் சீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டே வந்தேன். பரமக்குடி தாண்டும்போது அவள், "என்னங்க, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிட்டு வந்தீங்களா" என்று கேட்டாள்.

இதற்கு நான் கேட்பது ஓர் அட்டை. கீமோ எடுக்கும் ஒவ்வொருவருக்கும் மாவட்டத்தின் முத்திரையோடு ஒரு அட்டை கொடுங்கள். என்ன நோய், என்ன மருந்து, கடைசி ஊசி என்றைக்கு, எந்த மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கட்டும். மேலே பெரிய எழுத்தில், காய்ச்சல் இருந்தால் வரிசையில் உட்காரவைக்காதீர்கள், ரத்தம் எடுத்துவிட்டு முதல் ஆன்டிபயாடிக்கைப் போடுங்கள் என்று எழுதியிருக்கட்டும். பிபராசிலின்-டாசோபாக்டம் மாதிரி ஆன்டிபயாடிக் அரசு மருத்துவமனைகளுக்குப் புதிதில்லை. தீவுக்குள் ஓர் இடத்திலாவது, கரையோரத்தில் தாலுகாவுக்கு ஓர் இடத்திலாவது அது ராத்திரியும் இருக்க வேண்டும். முதல் டோஸ் இங்கே போட்டு, 108-இல் ஏற்றி அனுப்பினால் போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரிப் பணியில் இருக்கும் சிஸ்டர்களுக்கு ஒரு மதிய நேரம் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுக்க முடியாதா?

ராத்திரிக் காய்ச்சலுக்கு நான் இவ்வளவு பயப்பட என் தொழிலும் ஒரு காரணம். படகில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. அங்கே போன் எடுக்காது. எல்லையோரம் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவோம் என்றே தெரியாது. அந்த நிலையில் இவளை எப்படி விட்டுவிட்டுப் போவது? கீமோ ஆரம்பித்ததிலிருந்து நான் கடலுக்குப் போகவில்லை. கரையில் வலை பொத்துகிறேன், ஐஸ் பெட்டி தூக்குகிறேன். கிடைப்பது முந்தைய வருமானத்தில் பாதிகூட இல்லை. கடலுக்குப் போகாதவனுக்குப் பங்கு இல்லை, அது எங்கள் தொழிலின் நியாயம், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, அது மருத்துவமனைக்குள் ஆகும் செலவுக்கு. பஸ் காசும், வெளியில் தங்கும் வாடகையும், கூட இருப்பவனின் போன கூலியும் அதில் எங்கே வரும்? மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருக்கும் ஒருவர், கணவனோ மனைவியோ கீமோவிலும் மாற்று சிகிச்சையிலும் இருக்கும் மாதங்களுக்கு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் மாதிரி ஒரு தொகை பெற வழி செய்ய முடியுமா என்று ஆட்சியர் அவர்கள் மீன்வளத் துறைக்கு எழுத வேண்டும். நான் மருத்துவரிடம், மாற்று சிகிச்சையை ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை வருகிற 61 நாள் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நோய் அடங்குகிற நேரத்தில்தான் வைக்க முடியும் என்றார். அதுவும் சரிதான்.

வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை. டெக்ஸா மாத்திரை போடுகிற நாள் ராத்திரி அவளுக்குத் தூக்கமே வராது. பாத்திரத்தை எடுத்து எடுத்துக் கழுவுவாள், யார் மேலாவது கோபப்படுவாள், சர்க்கரை ஏறும். இரண்டு நாள் கழித்து அப்படியே சோர்ந்து படுத்துவிடுவாள். முதலில் எங்கள் மகள் பயந்துவிட்டாள். இது அம்மா இல்லை, மாத்திரை என்று சொல்லிச் சொல்லி இப்போது அவளே காலண்டரில் டெக்ஸா நாளைப் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறாள். அக்கி வராமல் இருக்க அசைக்ளோவிர் மாத்திரை தினமும் தவறக் கூடாது. பப்பாளி இலைச் சாறு கொண்டுவருகிற சொந்தக்காரர்களை மனம் நோகாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தண்ணீருக்கடியில் பாறையைத் தடவி, தொட்டே எது என்ன பாசி என்று கண்டுபிடிப்பார்கள். இவளும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அந்த விரல்நுனி மரத்துப்போக ஆரம்பித்தது. இந்த ஊசிக்கு நரம்பைத் தாக்கும் குணம் உண்டு. சீக்கிரம் சொன்னால் அளவைக் குறைப்பார்கள், இடைவெளி விடுவார்கள். சொல்லாமல் விட்டால் மரமரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடலாம். ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் அவள் சொல்லவில்லை. மகளுடைய சட்டைக்குப் பட்டன் போட முடியாமல் இவள் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. மருத்துவரிடம் சொன்னோம், அளவைக் குறைத்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் எங்கள் தெருவுக்கு பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வருகிறார். அவரிடம் நான்கு கேள்விகள் எழுதிய ஒரு தாளைக் கொடுங்கள்: காய்ச்சல் உண்டா, கை கால் மரக்கிறதா, தண்ணீர் எவ்வளவு குடித்தார், மாத்திரை தவறியதா. பெண்கள் புருஷனிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள்.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தைக் காப்பாற்ற இந்த நோயில் தினமும் 3 லிட்டராவது குடிக்கச் சொல்கிறார்கள். அதுவும் கொதிக்கவைத்து ஆறியது. குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற கரை இது. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளும் உண்டு, வராத நாள்தான் அதிகம். கீமோ நடக்கும் வீடுகளை ஒரு பட்டியலாக எடுத்து, லாரித் தண்ணீர் அந்த வீடுகளுக்கு முதலில் போக ஊராட்சிக்கு ஓர் உத்தரவு போட ஆட்சியரால் முடியும்.

இன்னொன்று, நோயைக் கண்டுபிடிப்பது பற்றி. பாசி எடுப்பவர்களுக்கு முதுகுவலி புதிதில்லை. எல்லோருக்கும் வலி மாத்திரைதான். இந்த நோயில் அந்த மாத்திரையே சிறுநீரகத்துக்குக் கூடுதல் கெடுதல். நடுவயதில் ஒருவருக்கு விடாத முதுகுவலியும், ரத்தசோகையும், சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்றமும் சேர்ந்து இருந்தால், இந்த நோயின் கெட்ட புரதத்தை ரத்தத்தில் காட்டும் புரத எலக்ட்ரோஃபோரெசிஸ் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று கரையோர மருத்துவர்கள் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை போகட்டும்.

மாற்று சிகிச்சைக்குப் போனால் வார்டில் சில வாரம், வெளியே வந்தபின்னும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே சில வாரம் இருக்கச் சொல்கிறார்கள். சுத்தமான அறை, தனிக் கழிப்பறை, சமைக்க ஓர் அடுப்பு. சென்னையில் அதற்கு ஆகும் வாடகையை நாங்கள் நினைத்துப் பார்க்கவே பயப்படுகிறோம். நம் மாவட்டத்து நோயாளிகளுக்கென்று சென்னையில் இரண்டு அறைகள் ஒதுக்கினால் கூடப் பெரிய உதவி. ஆனால் முன்னால் சொன்ன ஊசியும் அட்டையும்தான் அவசரம். அறைக்காக அவை காத்திருக்க வேண்டாம்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதையே மனுவாகக் கொடுக்கிறேன். என் மனைவியோடு பாசி எடுக்கும் பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மதுரை வார்டில் பழக்கமான நம் மாவட்டத்துக் குடும்பங்களும் போட்டிருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரியில் இந்த ஊசியைத் தொடங்க என்ன தடை என்று கல்லூரி முதல்வர் அவர்கள் எழுத்தில் சொன்னால், மதுரை மருத்துவரிடம் நானே கொண்டுபோய்க் காட்டி அவர் தரும் பதிலை வாங்கி வருகிறேன். பேச அழைத்தால் புதன்கிழமை தவிர எந்த நாளும் வர முடியும். புதன்கிழமை எங்களுக்கு ஊசி நாள்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு விசைப்படகுத் தொழிலாளி